2.34 இருந்தது 15 ஆகிவிட்டது: அம்மாவுக்கு வைரஸ் கூடிவிட்டதா?

காவேரிக்கரை | மார்ச் 8, இரவு 10:20

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பகுதியை இதுவரை படித்ததோடு சரி, எழுதியதில்லை. இன்று தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 61 வயது. கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். போன டிசம்பரில் கண்புரை ஆபரேஷனுக்குப் போனோம். அதற்கு முன்னால் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி, அதாவது கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ், பாசிட்டிவ் என்று வந்தது. நாள் குறித்த ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார்கள். அந்த நோயின் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டோம். 1994-இல் கர்ப்பப்பையை எடுத்தபோது அம்மாவுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அதன் வழியாக வந்திருக்கலாம் என்றார் கல்லீரல் டாக்டர்.

கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேனில் 9.8. தழும்பு இருக்கிறது, சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறிப்போவது) அளவுக்குப் போகவில்லை என்றார். பிப்ரவரி 5-ஆம் தேதி மாத்திரை ஆரம்பித்தோம். சோஃபோஸ்புவிர் 400, வெல்படாஸ்விர் 100, இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 12 வாரம். நடுவில் வைரஸ் டெஸ்ட் வேண்டாம், முடித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். என் தம்பிக்கு மனசு கேட்கவில்லை. மார்ச் 5 அன்று அவனே அம்மாவை ஒரு லேபுக்குக் கூட்டிக்கொண்டு போய் டெஸ்ட் எடுத்துவிட்டான்.

ஜனவரியில் எடுத்த வைரஸ் டெஸ்ட் ரிப்போர்ட்டில் 2.34 என்று போட்டு, பக்கத்தில் ஏதோ ஈ, பிளஸ், 06 என்று இருந்தது. இன்று வந்ததில் "15-க்குக் கீழே, டிடெக்டட்" என்று இருக்கிறது. 2.34 இருந்தது 15 ஆகிவிட்டது, ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டும் ஆறு மடங்கு கூடியிருக்கிறது, இந்த மருந்து அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நாளையிலிருந்து நிறுத்திவிடலாம் என்கிறான் தம்பி. அம்மா ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டார். டாக்டரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும்.

இரண்டு ரிப்போர்ட்டின் போட்டோவும் போட்டிருக்கிறேன். யாராவது சொல்லுங்கள்.


லேப் கோட்டு | மார்ச் 8, இரவு 10:41

மாத்திரையை நிறுத்தாதீர்கள். நாளைக்கு உரிய மாத்திரையை நாளைக்கு உரிய நேரத்தில் கொடுங்கள். அம்மாவை எழுப்பி, நல்ல செய்திதான் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அதற்குள் விளக்கத்தைத் தட்டச்சு செய்து வைக்கிறேன்.


நெறியாளர் | மார்ச் 8, இரவு 10:44

போட்டோவில் அம்மாவின் பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் தெரிந்தது. நீக்கிவிட்டேன். எண்களை எழுதியிருக்கிறீர்களே, அதுவே போதும்.


லேப் கோட்டு | மார்ச் 8, இரவு 11:15

முப்பது வருடம் லேபில் நின்றவன், இப்போது ஓய்வு. டாக்டர் இல்லை. ஆனால் அந்தத் தாளை அச்சடித்துக் கொடுக்கும் ஆள் நான்தான், அதனால் அதைப் படிக்கத் தெரியும்.

அந்த "ஈ +06" இருக்கிறதே, அதுதான் உங்கள் வீட்டுத் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. புள்ளியை ஆறு இடம் வலப்பக்கம் தள்ளு என்று அதற்கு அர்த்தம். அம்மாவுக்கு ஜனவரியில் இருந்தது 2.34 இல்லை, 23,40,000. ஒரு மில்லி பிளாஸ்மாவில் 23 லட்சத்து 40 ஆயிரம் யூனிட். இன்றைக்கு 15-க்கும் கீழே. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. உங்கள் தம்பி கூட்டல் என்று நினைத்தது அப்படி ஒரு கழித்தல்.

இன்னொன்று. ஜனவரித் தாளிலேயே கீழே "லாக் 6.37" என்று பொடியாக இருக்கும், பாருங்கள். லாக் என்பது பூஜ்யங்களை எண்ணும் கணக்கு. ஒரு லாக் இறங்கினால் ஒரு பூஜ்யம் போகும்: 23 லட்சம் 2.3 லட்சமாகும். இரண்டு லாக் என்றால் 23 ஆயிரம். 15 என்பதன் லாக் 1.18. 6.37-இலிருந்து 1.18-க்கும் கீழே வந்திருக்கிறது, 28 நாளில் ஐந்து லாக்குக்கு மேல். அந்த லாக் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "ஆறுதானே" என்று சந்தோஷப்பட்டுப் போனவர்களையும் கவுன்டரில் பார்த்திருக்கிறேன். உங்களுடையது அதற்கு நேர் எதிர்.

இனி "15-க்குக் கீழே, டிடெக்டட்". இதைத்தான் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பலசரக்குக் கடையில் அரிசி நிறுக்கும் பெரிய தராசு இருக்கும். அதில் ஒரு ஏலக்காயைப் போட்டால் தட்டில் ஏதோ கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், முள் அசையாது. எவ்வளவு என்று கேட்டால் கடைக்காரர் சொல்ல முடியாது. வைரஸை எண்ணும் பிசிஆர் மெஷினும் அப்படித்தான். உங்கள் லேப் மெஷினால் எண்ணிச் சொல்ல முடிந்த கடைசி அளவு 15. அதற்குக் கீழே ஏதோ தட்டுப்பட்டது, அளக்க முடியவில்லை, அவ்வளவுதான் செய்தி. தட்டே காலி என்றால் "டார்கெட் நாட் டிடெக்டட்" என்று வரும். வேறு லேபில் இந்த எல்லை 12 ஆக இருக்கும், 25 ஆகவும் இருக்கும். அது மெஷினைப் பொறுத்தது, அம்மாவைப் பொறுத்ததில்லை.


காவேரிக்கரை | மார்ச் 8, இரவு 11:32

சார், லாக் 6.37 என்று கீழே நிஜமாகவே இருக்கிறது. இத்தனை நாள் அது ஏதோ ரசீது நம்பர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அம்மாவை எழுப்பிச் சொன்னேன். "அப்ப மாத்திரை வேலை செய்யுதா?" என்று ஒரே கேள்வி. ஆமாம் என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டார். தம்பிதான் இன்னும் கால்குலேட்டரை விடவில்லை.


மூலிகைத்தோட்டம் | மார்ச் 9, காலை 6:05

சகோதரி, பயப்பட வேண்டாம். கல்லீரலுக்குக் கீழாநெல்லியை மிஞ்சிய மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கி அரைத்து, நெல்லிக்காய் அளவு மோரில் கலந்து ஒரு மண்டலம் வெறும் வயிற்றில் கொடுங்கள். ஆங்கில மருந்து உடம்பைச் சூடாக்கும். கீழாநெல்லிக்கு இங்கே சென்னையிலேயே ஆராய்ச்சி செய்து நிரூபித்திருக்கிறார்கள்.


லேப் கோட்டு | மார்ச் 9, காலை 7:20

நிரூபித்தார்கள் என்று சொல்வதற்கு முன்னால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். சென்னை ஆய்வு 1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது உண்மை. அது ஹெபடைடிஸ் பி-க்கு, சி-க்கு இல்லை. சி வைரஸை அடையாளம் கண்டதே அதற்கு அடுத்த வருடம், 1989-இல்தான். அந்த பி ஆய்வையும் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. எனக்கும் கீழாநெல்லி மேல் கோபமெல்லாம் இல்லை, எங்கள் பாட்டி கொடுத்துக் குடித்தவன்தான். ஆனால் வேலை செய்துகொண்டிருக்கும் மருந்துக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றைக் கலக்காதீர்கள்.


மருந்துக்கடை அண்ணாச்சி | மார்ச் 9, காலை 9:10

நான் திருநெல்வேலியில் மருந்துக்கடை வைத்திருப்பவன். எண் விவகாரத்தை லேப் சார் பார்த்துக்கொள்வார். எனக்கு வேறு ஒன்று கேட்க வேண்டும் தங்கச்சி. அம்மா காலையில் எழுந்ததும் கேஸ் மாத்திரை போடுகிறார்களா? பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல், ரபெப்ரசோல் மாதிரி?


காவேரிக்கரை | மார்ச் 9, காலை 9:31

ஆமாம் அண்ணாச்சி. வருடக்கணக்காகப் போடுகிறார். ஏன்?


மருந்துக்கடை அண்ணாச்சி | மார்ச் 9, காலை 10:02

நினைத்தேன். நம்மூரில் சாப்பாடு இல்லாத வீடு இருக்கும், கேஸ் மாத்திரை இல்லாத வீடு இருக்காது. பிரிஸ்கிரிப்ஷனில் எழுதாததால் டாக்டரிடம் அதை ஒரு மருந்தாகவே யாரும் சொல்வதில்லை.

வெல்படாஸ்விர் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைத்துவிடும், அப்போது மருந்து சரியாக ஏறாது. முடிந்தால் இந்த 12 வாரமும் கேஸ் மாத்திரை இல்லாமல் ஓட்டுவது நல்லது. முடியவே முடியாது என்றால், வெல்படாஸ்விர் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டு, நாலு மணி நேரம் கழித்து ஒமெப்ரசோல் 20 போடலாம் என்று ஒரு வழி இருக்கிறது. அதை டாக்டர் சொல்லிச் செய்யுங்கள், நான் சொன்னேன் என்று செய்யாதீர்கள். ஜெலுசில் மாதிரி குடிக்கிற மருந்துக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும்.

வலிப்பு மருந்தில் கார்பமசெபின், ஃபெனிடாயின், டிபி மருந்தில் ரிஃபாம்பிசின், இதெல்லாம் இதோடு சேரவே கூடாது, மருந்தின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் ஆபத்து, சோஃபோஸ்புவிரோடு சேரும்போது துடிப்பு ரொம்பக் குறைந்துபோன சம்பவங்கள் உண்டு. வைரஸ் இறங்கவில்லையே என்று வருகிறவர்களிடம் நான் முதலில் எண்ணைக் கேட்க மாட்டேன். மருந்துப் பையைத் தலைகீழாகக் கொட்டச் சொல்வேன்.

ஒரு வேளை மறந்துவிட்டால், 18 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் உடனே போட்டுவிடலாம். அதற்கு மேல் ஆனால் விட்டுவிட்டு அடுத்ததை அதன் நேரத்தில் போட வேண்டும். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.


காவேரிக்கரை | மார்ச் 10, மாலை 6:15

டாக்டரைப் பார்த்தோம். ரிப்போர்ட்டை ஐந்து விநாடி பார்த்தார், "இதை யார் எடுக்கச் சொன்னது?" என்றார், தம்பி சுவரைப் பார்த்தான். நன்றாக இறங்கியிருக்கிறது, தொடருங்கள் என்றார். கேஸ் மாத்திரை பற்றிச் சொன்னதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிறுத்தச் சொல்லிவிட்டார். நன்றி அண்ணாச்சி, இதை நீங்கள் கேட்கவில்லை என்றால் நாங்கள் சொல்லியிருக்கவே மாட்டோம்.

தம்பியின் சார்பில் இரண்டு கேள்வி. ஒன்று, இவ்வளவு முக்கியமான வியாதியில் நடுவில் டெஸ்ட் வேண்டாம் என்று ஏன் சொல்கிறார்கள்? நெட்டில் தேடினால் 4-ஆவது வாரம், 12-ஆவது வாரம் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. இரண்டு, மருந்து முடியும் நாளிலும் இப்படியே "டிடெக்டட்" என்று வந்தால்?


கிள்ளான்வாசி | மார்ச் 10, இரவு 9:50

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பக்கம் பக்கமான காலத்தில் வாழ்ந்தவன் நான். மலேசியா, கிள்ளான்.

2009-இல் எனக்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டார்கள். வாரம் ஒன்று, கூடவே ரிபாவிரின் மாத்திரை தினமும், திட்டம் 48 வாரம். வெள்ளிக்கிழமை இரவு ஊசி போட்டால் சனி முழுக்கக் குளிர் காய்ச்சல், ஞாயிறு படுக்கை, திங்கள் வேலை. முடி கொட்டியது, ரத்தம் குறைந்தது, வீட்டில் யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன். முதல் வகை வைரஸ் உள்ளவர்களில் பாதிப் பேருக்குக்கூடக் குணமாகாத மருந்து அது. ஒருவரை 48 வாரம் இப்படி வதைப்பதற்கு முன்னால் பலிக்குமா பலிக்காதா என்று சீக்கிரம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்காகத்தான் 4-ஆவது வாரம், 12-ஆவது வாரம் என்று எண்ணைப் பார்த்தார்கள். 12-ஆவது வாரத்தில் இரண்டு லாக் இறங்காவிட்டால் ஊசியை நிறுத்துவார்கள். எனக்கு இறங்கியது 1.4 லாக். நிறுத்திவிட்டார்கள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் அந்த எண் தீர்ப்பு மாதிரி.

அப்புறம் 2013 முடிவில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் வந்தது, ஒரு மாத்திரை 1,000 டாலர் என்று. பேப்பரில் படித்துவிட்டுச் சிரித்தேன், நம் பரம்பரைக்கே எட்டாது என்று. 2017-இல் எங்கள் அரசாங்கம் காப்புரிமையைத் தாண்டி மலிவு மருந்து வாங்கும் உரிமத்தைப் போட்டது, அடுத்த வருடம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைத்தது. சோஃபோஸ்புவிர், டக்லாடஸ்விர். எனக்கு அதற்குள் சிரோசிஸ் தொட்டுவிட்டதால் 24 வாரம். 4-ஆவது வாரம் வந்ததும் பழைய பழக்கத்தில் டாக்டரிடம் "லாக் எத்தனை?" என்றேன். அவர் எடுக்கவே இல்லையாம்.

இந்த மாத்திரைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் குணமாகிறது. 4-ஆவது வாரத்தில் கொஞ்சம் தட்டுப்பட்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமாகிறார்கள். நடுவில் வரும் எண் எதுவாக இருந்தாலும் டாக்டர் செய்யப்போவது ஒன்றுதான்: தொடரச் சொல்வது. எதையும் மாற்றாத டெஸ்டுக்கு ஏன் செலவு? நெட்டில் உங்கள் தம்பி படிப்பதில் பாதி ஊசிக் காலத்துக் கட்டுரைகள். தேதியைப் பார்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.


லேப் கோட்டு | மார்ச் 11, காலை 8:30

கிள்ளான் நண்பர் சொன்னதோடு ஒரு சின்ன விதிவிலக்கு மட்டும். 4-ஆவது வாரம் எடுத்து, அதில் வைரஸ் இன்னும் இருந்தால் 6-ஆவது வாரம் மறுபடி பார்ப்பதும் உண்டு. பத்து மடங்குக்கு மேல் ஏறியிருந்தால்தான் விஷயம். அப்போதும் பெரும்பாலும் மாத்திரை ஒழுங்காகப் போகவில்லை, அல்லது அண்ணாச்சி சொன்ன மாதிரி வேறு மருந்து குறுக்கே நிற்கிறது. பத்து மடங்கு என்று ஏன் சொல்கிறார்கள் தெரியுமா? ஒரே ரத்தத்தை ஒரே மெஷினில் இரண்டு தடவை போட்டாலே இரண்டு மடங்கு வித்தியாசம் வரும். 12 லட்சமும் 23 லட்சமும் எங்களுக்கு ஒன்றுதான். மூன்று மடங்குக்குக் கீழே உள்ள ஏற்ற இறக்கத்தைப் பார்த்து யாராவது கவலைப்பட்டால், அது மெஷினின் கைநடுக்கத்தைப் பார்த்துக் கவலைப்படுவது. வேறு வேறு லேபில் எடுத்து ஒப்பிட்டால் இன்னும் மோசம். பழைய ரிப்போர்ட்டுகளில் "காப்பீஸ்" என்று வேறு ஒரு அளவு இருக்கும், அதை இன்றைய யூனிட்டோடு நேரடியாக ஒப்பிடவே கூடாது.

ஆரம்ப எண் பெரிதாக இருந்தால் கல்லீரல் அதிகம் கெட்டிருக்கிறது என்று ஒரு நம்பிக்கை ஓடுகிறது. அதுவும் இல்லை. 50 லட்சம் உள்ளவரின் கல்லீரல் பஞ்சு மாதிரி இருக்கும், 40 ஆயிரம் உள்ளவருக்கு சிரோசிஸ் இருக்கும். கல்லீரலின் கதையை ஃபைப்ரோஸ்கேனும் பிளேட்லெட்டும்தான் சொல்லும்.

இரண்டாவது கேள்வி. மருந்து முடியும் நாளில் "அளவுக்குக் கீழே, டிடெக்டட்" என்று வந்து, மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் சுத்தமாகப் போயிருந்தவர்கள் உண்டு. பிசிஆர் தேடுவது வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏவின் துணுக்கை. அந்தத் துணுக்கு உயிரோடு பெருகுகிற வைரஸுடையதா, செத்துப்போனதன் மிச்சமா என்று மெஷினுக்குத் தெரியாது. பந்தி முடிந்து எல்லோரும் கிளம்பின பிறகு இலை கிடப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக மருந்தை நீட்டுவதில்லை.

மருந்து இல்லாத நாளில் இந்த வைரஸ் ஒரு உடம்பில் தினமும் லட்சம் கோடி என்ற கணக்கில் பிறக்கிறது. ரத்தத்தில் ஒன்றின் ஆயுள் சில மணி நேரம்தான். பிறப்பை மருந்து அடைத்துவிட்டால் ரத்தத்தில் இருப்பது முதல் இரண்டு நாளிலேயே மளமளவென்று இறங்கிவிடும். 23 லட்சம் சில ஆயிரம் ஆவதற்கு அதிக நாள் ஆகாது. அதன்பின் மெதுவாகத்தான் இறங்கும், ஏனென்றால் வைரஸ் குடியிருக்கும் கல்லீரல் செல்கள் ஒவ்வொன்றாகத் தீர வேண்டும். அந்தக் கடைசி வாலைத் தீர்க்கத்தான் மிச்ச வாரங்கள். எண் போய்விட்டதே என்று எட்டாவது வாரத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டு, நாலு மாதம் கழித்துப் பழைய லட்சங்களோடு வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.


செவ்வாய்-வியாழன்-சனி | மார்ச் 11, பகல் 1:15

பெயரைப் பார்த்தாலே தெரியும், டயாலிசிஸ் நாட்கள். மெஷினில் படுத்துக்கொண்டு ஒரு கையால் தட்டச்சு செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு சி வந்தது ஒரு டயாலிசிஸ் சென்டரில். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். ஒரே மாதத்தில் எங்கள் ஷிஃப்டில் மூன்று பேருக்கு வந்தது, அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது. எனக்கு முதலில் எடுத்த ஆன்டிபாடி டெஸ்ட், அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளைத் தேடும் டெஸ்ட், நெகடிவ். டயாலிசிஸ்காரர்களுக்கு உடம்பு ஆன்டிபாடி உண்டாக்கத் தாமதமாகும், சிலருக்கு வராமலே போகும். கல்லீரல் என்சைமும் நார்மலாகவே காட்டும். நேரடியாக வைரஸைத் தேடும் பிசிஆர் எடுத்தபிறகுதான் 8 லட்சம் என்று வந்தது. டயாலிசிஸில் இருக்கிற யாராவது இதைப் படித்தால், ஆன்டிபாடி நெகடிவ் என்பதோடு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

சிறுநீரகம் போனவர்களுக்கு சோஃபோஸ்புவிர் கூடாது என்று முன்பு தயங்கினார்கள். இப்போது கொடுக்கிறார்கள், நானும் அதைத்தான் சாப்பிட்டேன். குணமாகிவிட்டது. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிசிஆர் எடுக்கிறேன். திரும்பத் தொற்றினால் ஆன்டிபாடி டெஸ்டால் கண்டுபிடிக்க முடியாது, முதலில் நெகடிவாக இருந்த அது பிறகு பாசிட்டிவ் ஆகி அப்படியே நிற்கிறது. ஒருமுறை வந்துபோனால் மறுபடி வராது என்பதெல்லாம் அம்மைக்குச் சரி, இதற்கு இல்லை. தடுப்பூசியும் கிடையாது.

காவேரிக்கரை, மருந்தைக் காசு கொடுத்தா வாங்குகிறீர்கள்? 2018 ஜூலை 28 முதல் மத்திய அரசின் ஹெபடைடிஸ் திட்டத்தில் டெஸ்டும் மாத்திரையும் இலவசம். மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரியில் கேட்டிருக்கலாம்.


காவேரிக்கரை | மார்ச் 11, இரவு 8:40

ஐயோ, மூன்று டப்பாவும் வாங்கிவிட்டோமே. யாரும் சொல்லவில்லை. சரி, இனி தேடி வருகிறவர்களுக்காவது இந்த வரி கண்ணில் படட்டும்.

உங்கள் கதையைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். கால்குலேட்டரை வைத்துவிட்டான்.


காவேரிக்கரை | ஏப்ரல் 30, காலை 7:10

நேற்றோடு 84 மாத்திரையும் முடிந்தது. ஒன்றுகூட விடவில்லை, காலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் அம்மா குங்குமத்தால் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். கண்புரையோடு வைத்ததால் சில பொட்டு பக்கத்துத் தேதியில் விழுந்திருக்கிறது.

இன்றே டெஸ்ட் எடுக்கலாம் என்று தம்பி மறுபடி ஆரம்பித்துவிட்டான். எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?


லேப் கோட்டு | ஏப்ரல் 30, காலை 9:00

ஜூலை 22 வரை. கடைசி மாத்திரையிலிருந்து 12 வாரம். இந்த முழுச் சிகிச்சையிலும் எண்ணிப் பார்க்க வேண்டிய நாள் அது ஒன்றுதான். மாத்திரை இருக்கும்வரை வைரஸ் இல்லை என்பது பெரிய சாதனை இல்லை, மாத்திரையும் போன பிறகு இல்லையா என்பதே கேள்வி. ஒளிந்திருந்து திரும்புவது என்றால் அநேகமாக அந்த 12 வாரத்துக்குள் திரும்பிவிடும். முன்பு 24 வாரம் காத்திருந்தார்கள். 12-இல் வந்த விடையே 24-இலும் வருவதைப் பார்த்துவிட்டுக் குறைத்தார்கள்.

போகும்போது சாப்பிட்டுவிட்டே போகலாம், வெறும் வயிறு தேவையில்லை. ஊதா மூடிக் குழாயில் எடுக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். பச்சை மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பரின் பிசிஆரைக் கெடுக்கும். எடுத்த ரத்தத்தை அன்றைக்கே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்கும் இடமாகப் பாருங்கள். குழாய் வெயிலில் பைக்கில் ஊர் சுற்றினால் ஆர்என்ஏ சிதைந்து, இருப்பதைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். ஜனவரியில் எடுத்த அதே லேப் என்றால் உத்தமம்.


மூலிகைத்தோட்டம் | ஏப்ரல் 30, மாலை 5:25

அம்மாவுக்கு வாழ்த்துகள். ஒரு சந்தேகம், சண்டைக்கு இல்லை. என் மைத்துனருக்கு ஹெபடைடிஸ் பி. அவருக்கும் டிஎன்ஏ டெஸ்டில் "நாட் டிடெக்டட்" வந்தது, ஆனால் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்கிறார்கள். சி-க்கு மட்டும் எப்படி 12 வாரத்தில் முடிகிறது?


லேப் கோட்டு | ஏப்ரல் 30, இரவு 9:05

நல்ல கேள்வி. பி வைரஸ் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் போய்த் தன் டிஎன்ஏவைப் பத்திரப்படுத்தி வைத்துவிடும். மாத்திரை அதன் பெருக்கத்தைத்தான் அடக்கும், அந்த மூலப் பத்திரத்தை அழிக்காது. சி வைரஸ் உட்கருவுக்குள் போவதில்லை, எங்கேயும் பத்திரம் எழுதி வைப்பதில்லை. பெருக்கத்தை நிறுத்தினால் கொஞ்ச நாளில் மிச்சமில்லாமல் தீர்ந்துவிடும். எனவே பி-யில் "நாட் டிடெக்டட்" என்றால் அடங்கியிருக்கிறது, சி-யில் 12 வாரம் கழித்து அதே சொல் வந்தால் போய்விட்டது. மைத்துனர் மாத்திரையை விட வேண்டாம்.

இரண்டும் சேர்ந்து இருப்பவர்களுக்கு சி-யை அடக்கும்போது பி தலைதூக்கிய சம்பவங்கள் உண்டு. சி சிகிச்சைக்கு முன்னால் பி டெஸ்டும் எடுப்பது அதனால்தான்.


காவேரிக்கரை | ஜூலை 25, மாலை 4:50

டார்கெட் நாட் டிடெக்டட்.

"டிடெக்டட்" என்ற சொல்லைப் பார்த்ததும் அரை விநாடி நெஞ்சு அடைத்தது, முன்னால் இருந்த "நாட்" அப்புறம்தான் கண்ணில் பட்டது. இந்த ரிப்போர்ட்டுகளை எழுதுகிறவர்கள் கொஞ்சம் இரக்கம் காட்டலாம்.


கிள்ளான்வாசி | ஜூலை 25, மாலை 5:30

அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். இனி அவருக்கு என்ன செக்கப் என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். எனக்கு சிரோசிஸ் என்பதால் வைரஸ் போய் இத்தனை வருடம் ஆகியும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறார்கள், புற்றுநோய்க்கான ஆபத்து குறைந்தாலும் முழுதாகப் போவதில்லை என்று. அம்மாவின் 9.8-க்கு என்ன தேவை என்று அவர்தான் சொல்ல வேண்டும்.


மருந்துக்கடை அண்ணாச்சி | ஜூலை 25, இரவு 8:15

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. கேஸ் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்துவிட்டார்களா?


காவேரிக்கரை | ஜூலை 25, இரவு 8:22

மே மாதமே. ஆனால் இப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள்தான்.


காவேரிக்கரை | ஆகஸ்ட் 19, இரவு 9:30

முடிந்த இழையைத் திரும்பத் தூக்குகிறேன், மன்னிக்கவும். கண்புரைக்கு மறுபடி போனோம். இன்று ரத்தம் எடுத்து அட்டை டெஸ்டில் போட்டார்கள். இரண்டு கோடு. பாசிட்டிவ். "அம்மாவுக்கு ஹெபடைடிஸ் சி இருக்கிறது, தெரியுமா?" என்று அந்தப் பெண் மெல்லிய குரலில் ஆரம்பித்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. போன டிசம்பருக்கே திரும்பிப் போய்விட்ட மாதிரி இருந்தது.


செவ்வாய்-வியாழன்-சனி | ஆகஸ்ட் 19, இரவு 9:44

அட்டை பார்ப்பது ஆன்டிபாடியை. வைரஸ் போன பிறகும் அது பல வருடம் இருக்கும், பெரும்பாலும் ஆயுசுக்கும். இனி அம்மா எங்கே போனாலும் அட்டையில் இரண்டு கோடு விழும். பிசிஆர் தாளைக் காட்டினீர்களா?


காவேரிக்கரை | ஆகஸ்ட் 19, இரவு 9:58

காட்டினோம். காட்டியது தம்பி. ஜனவரித் தாள், மார்ச் தாள், ஜூலைத் தாள் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து, "இது ஆன்டிபாடி மேடம், இதில் ஈ பிளஸ் 06 என்றால் புள்ளியை ஆறு இடம் தள்ள வேண்டும்" என்று அந்தப் பெண்ணுக்கே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டான். உள்ளே இருந்து டாக்டர் வந்து ஜூலைத் தாளை மட்டும் எடுத்துப் பார்த்தார், ஒரு நகல் எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஆபரேஷன். முதலில் வலது கண்.